ஆரம்பப் பள்ளி பசங்களுக்கு கிஃப்ட்: ஜாலியாவும் இருக்கணும், ஏதாவது கத்துக்கவும் செய்யணும், ஐடியா குடுங்க மக்களே

சித்தப்பாமோட்
எல்லாருக்கும் வணக்கம், இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இப்பதான் வாயத் தொறக்குறேன். அண்ணன் பசங்க ரெண்டு பேரு, பெரியவன் 4ஆம் கிளாஸ், சின்னவ 1ஆம் கிளாஸ், ரெண்டு பேருக்கும் பொறந்தநாள் ஒரே மாசத்துல வருது. வீட்ல ஏற்கனவே ரிமோட் கார், பேசுற பொம்மை, லைட் அடிக்கிற துப்பாக்கினு மூட்டை மூட்டையா கிடக்கு. அண்ணி முன்கூட்டியே சொல்லிட்டாங்க, "இன்னொரு சத்தம் போடுற சாமான் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா அத நீங்களே உங்க வீட்ல வச்சு விளையாடிக்கோங்க"னு. சரி எஜுகேஷனலா ஏதாவது பாப்போம்னு ஆன்லைன்ல தேடினா ஒவ்வொரு பெட்டி மேலயும் ஸ்டெம்மு (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸாம்), பிரெய்ன் டெவலப்மென்ட்டு, ஐக்யூ பூஸ்டருன்னு எழுதி தலைய சுத்துது, ஒரே மாதிரி மர கட்டைய நாலு பேரு நாலு பேருல விக்கிறான். எது நெஜமாவே பசங்க கையில நிக்கும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மூணுவாண்டுஅம்மா
முதல்ல அண்ணிக்கு ஒரு சல்யூட் 😀

ப்ரைமரிடீச்சர்
பெட்டி மேல எழுதியிருக்கிற எதையும் படிக்காதீங்க சார், ஸ்டெம்னு ஸ்டிக்கர் ஒட்ட யாருகிட்டயும் பெர்மிஷன் வாங்க வேண்டியதில்ல. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், பெட்டிய பிரிச்சு ஒரு தடவ விளையாடினதுக்கு அப்புறம் மறுநாள் அதுல செய்யறதுக்கு என்ன மிச்சம் இருக்குது. எரிமலை கிட்னு ஒண்ணு விக்கிறாங்கல்ல, பிளாஸ்டிக் மலைக்குள்ள சோடா மாவு போட்டு வினிகர் ஊத்தினா புசுபுசுன்னு நுரை வரும், ஒரு நிமிஷம் எல்லாரும் கை தட்டுவாங்க, முடிஞ்சுது. அதுல வர்றது கார்பன் டை ஆக்சைடு, அந்த ரெண்டு சாமானும் சமையல்கட்டுலயே இருக்கு, கிட்டுல நாம காசு குடுத்து வாங்குறது அந்த பிளாஸ்டிக் மலைய மட்டும்தான். பிள்ளைக்கு அதவிட ஒரு பாட்டில் வினிகர், ஒரு பாக்கெட் சோடா மாவு, ஒரு பலூன் குடுத்தா, பாட்டில் வாயில பலூன மாட்டி அது தானா ஊதுறத பாப்பான், அப்புறம் மாவ கூட்டி போட்டா என்ன ஆகும், வினிகர கொறைச்சா என்ன ஆகும்னு அவனே ஆரம்பிச்சுடுவான்.

அதே கணக்குல பாத்தா பில்டிங் பிளாக்ஸ அடிச்சுக்க ஆளே இல்ல. லெகோவுல எட்டு குமிழ் வச்ச ஒரே கலர் கட்டை ஆறு எடுத்துக்கிட்டா அத ஒண்ணோட ஒண்ணு மாட்டுறதுக்கு 91,51,03,765 விதம் இருக்குன்னு கணக்கு போட்டு வச்சிருக்காங்க. ஆறே ஆறு கட்டைக்கு! 1958ல வந்த கட்டை இன்னிக்கு வர்ற கட்டையோடயும் மாட்டிக்கும், அதனால அண்ணன் கட்டை தங்கச்சிக்கு, தங்கச்சி கட்டை அடுத்த பிள்ளைக்குனு போயிட்டே இருக்கும்.

கடைசிபெஞ்ச்
டீச்சர் கோச்சுக்காதீங்க, ஆனா பொறந்தநாளன்னிக்கும் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது கத்துக்குடுத்தே ஆகணுமா? நான் சின்னப்புள்ளையா இருக்கும்போது கிஃப்ட் பேப்பர கிழிச்சு உள்ள டிக்‌ஷனரி இருந்தா வர்ற கடுப்பு இருக்கே, அத குடுத்த மாமா பேரு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு, நல்ல விதத்துல இல்ல. பசங்களுக்கு படிப்பு வாசனை தூரத்துல வரும்போதே தெரிஞ்சிடும். ஜாலியா இருக்குற சாமான் வாங்குங்க, கத்துக்கறது தானா நடக்கும்.

ப்ரைமரிடீச்சர்
நான் சொன்னதும் அதேதான் தம்பி. டிக்‌ஷனரி எங்க சொன்னேன்.

மூணுவாண்டுஅம்மா
ஒரு விஷயம் யாரும் யோசிக்கிறதில்ல, பிள்ளைக்கு ஏற்கனவே எது பிடிச்சிருக்கோ அதுக்கு மேல ஒரு படி ஏத்தி குடுக்கணும், பிடிக்காதத திணிக்கக்கூடாது. என் ரெண்டாவது வாண்டு எப்ப பாரு அட்டைப்பெட்டிய வெட்டி வீடு கட்டிட்டே இருக்கும், அதுக்கு எங்க அக்கா ஒரு பெரிய டப்பா நிறைய செலோடேப், மாஸ்கிங் டேப், டபுள் சைட் டேப், நல்ல கத்திரிக்கோல், பஞ்ச் மெஷின், நூல்கண்டு, பெரிய சைஸ் ரப்பர் பேண்ட், ஐஸ் குச்சி எல்லாம் போட்டு மூடி மேல அவ பேர எழுதி குடுத்தா. அந்த டேப்பெல்லாம் "அவளோடது", யாரும் "வேஸ்ட் பண்ணாத"னு சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன். அன்னிக்கு வந்த அத்தன கிஃப்ட்லயும் அவ தூங்கும்போது பக்கத்துல வச்சுக்கிட்டது அதத்தான். தீந்து போற சாமான கிஃப்டா குடுக்க நம்மாளுங்களுக்கு கை வராது, ஆனா பசங்களுக்கு வீட்ல எதெல்லாம் "கேட்டுட்டு எடு"ன்னு சொல்றோமோ அதுலதான் ஆசையே.

இன்னொண்ணு, வரையற பிள்ளைக்கு கலர் பென்சில் குடுக்குறீங்கன்னா 100 கலர் இருக்குற மட்டமான செட்ட விட 24 கலர் இருக்குற நல்லது வாங்குங்க. மட்டமானதுல கலரே ஏறாது, அழுத்தினா முனை உடையும், சீவினா உள்ளயே உடைஞ்சு வரும், பிள்ளை "எனக்கு வரையவே வரல"ன்னு முடிவு பண்ணிடும்.

இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளையா இருந்தா அதுக்குன்னே செஞ்ச கத்திரிக்கோல் கிடைக்குது, பிளேடே மாத்தி வச்சிருப்பாங்க. வெட்டுற கோடு கண்ணுக்குத் தெரியும்.

நிலாபாக்குறவன்
யாராவது டெலஸ்கோப்புனு சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடுறேன், பொம்மை டெலஸ்கோப் வாங்காதீங்க வாங்காதீங்க வாங்காதீங்க. பெட்டி மேல சனிக்கிரக போட்டோ போட்டு 525 மடங்குனு கொட்டை எழுத்துல இருக்கும். ஒரு டெலஸ்கோப் எவ்வளவு பெருசாக்கும்னு முடிவு பண்றது முன்னாடி இருக்கிற லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல எவ்வளவோ அதுக்கு ரெண்டு மடங்குதான் மேல் எல்லை. 50 மிமீ லென்ஸ்னா 100 மடங்கு, அதுக்கு மேல போனா பெருசா தெரியாது, பெருசா கலங்கலாத்தான் தெரியும். அதோட அந்த மூணு கால் ஸ்டாண்டு இருக்கே, மூச்சு விட்டாலே ஆடும், பிள்ளை நிலாவ தேடிப் பிடிக்கறதுக்குள்ள நிலா நகந்து போயிருக்கும், ரெண்டாவது நாள் ராத்திரி அது பரண் மேல.

அதுக்குப் பதிலா சின்ன பைனாகுலர், 6 மடங்கு 7 மடங்கு போதும், கைல பிடிச்சு நிலாவுல பள்ளம் பாக்கலாம். வியாழனுக்குப் பக்கத்துல கோடு போட்ட மாதிரி நாலு புள்ளி தெரியும், அதுதான் கலிலியோ 1610ல பாத்த நாலு நிலா, அவரு வச்சிருந்ததே ஏறக்குறைய 20 மடங்கு குழாய்தான். கை ஆடும், அதனால சுவத்துல முழங்கைய ஊன்டிக்கிட்டு பாக்கச் சொல்லணும். பகல்ல பறவை பாக்கலாம், கிரிக்கெட் பாக்கலாம், எதிர் வீட்டு மாடியையும் பாப்பாங்க, அத நீங்க கண்டுக்காதீங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க, பைனாகுலர்லயோ டெலஸ்கோப்லயோ சூரியன பாக்கவே கூடாது, ஒரு செகண்டுல கண்ணு போயிடும். சில மட்டமான டெலஸ்கோப்போட கண்ணு வைக்கிற பக்கம் மாட்டிக்கிற மாதிரி ஒரு குட்டி கருப்புக் கண்ணாடி "சன் ஃபில்டர்"னு வரும், அத பாத்தவுடனே குப்பைல போடுங்க, சூட்டுல படார்னு வெடிக்கும்.

கடைசிபெஞ்ச்
இது நெஜமாவே தெரியாத விஷயம், நன்றி. அப்ப மைக்ரோஸ்கோப்பும் இப்படித்தானா?

நிலாபாக்குறவன்
அதே கூத்துதான். 1200 மடங்குனு இருக்குற பிளாஸ்டிக் மைக்ரோஸ்கோப்புல பிள்ளை பாக்குறது பெரும்பாலும் அதோட கண்ணிமை முடியத்தான். சின்னப் பிள்ளைக்கு 20 மடங்கு 40 மடங்கு இருக்குற, ரெண்டு கண்ணாலயும் பாக்குற டைப் கிடைச்சா அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். ஸ்லைடு செய்ய வேண்டியதில்ல, கைல கிடைச்சத கீழ வச்சா போதும். சட்டைத் துணிய வச்சா பாய் பின்னின மாதிரி நூல் நூலா தெரியும், தூள் உப்ப வச்சா ஒவ்வொண்ணும் சதுரக்கட்டியா நிக்கும், செத்த எறும்ப வச்சா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே கூப்பிட முடியாது.

மடிச்சு செய்யற பேப்பர் மைக்ரோஸ்கோப் ஒண்ணு இருக்கு, ஃபோல்ட்ஸ்கோப்னு பேரு, ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் சேந்து பண்ணது. 140 மடங்கு காட்டும், பாக்கெட்ல போட்டு எடுத்துட்டுப் போகலாம். 4ஆம் கிளாஸ் பையனுக்கு கூட ஒரு பெரியவங்க உக்காந்தா செட் ஆகும். 1ஆம் கிளாஸுக்கு வேண்டாம், கண்ணுக்கு கிட்ட வச்சு ஃபோகஸ் பண்றதுக்குள்ள பொறுமை போயிடும்.

சால்டரிங்அண்ணன்
லேட்டா வந்துட்டேன். நாலாங்கிளாஸ் பையன்னா கண்ண மூடிட்டு சர்க்யூட் கிட், அதுவும் சட்டை பட்டன் மாதிரி டிக்குனு அமுக்கி மாட்டுற டைப். சால்டரிங் கிடையாது, ஒயர் சீவுற வேலை கிடையாது, ரெண்டு பென்சில் பேட்டரி, மொத்தமே 3 வோல்ட், ஷாக் அடிக்காது. எங்க வீட்டு வாண்டு ஃபேன் சுத்துறத பண்ணி முடிச்சிட்டு பேட்டரிய தெரியாம திருப்பி மாட்டிட்டான், ஃபேன் எதிர்ப்பக்கமா சுத்தி காத்து கீழ வந்துச்சு. "ஏன்?"னு கேட்டான். நான் வாயத் தொறக்கல. அப்புறம் ஃபேன் இருந்த இடத்துல எல்இடி பல்ப மாட்டி அதையும் திருப்பிப் போட்டுப் பாத்தான், அது எரியவே இல்ல. மோட்டாரு ரெண்டு பக்கமும் ஓடும், எல்இடி ஒரு பக்கம்தான் கரண்ட விடும், இத நான் டிப்ளமோவுல படிச்சேன், அவன் தரையில உக்காந்து கண்டுபிடிச்சான்.

வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. கூட வர்ற புக்குல படம் பெருசா தெளிவா இருக்கணும், பையன் தானா பாத்து மாட்டணும். அப்புறம் பார்ட்ஸ் தனித்தனியா வாங்க கிடைக்குதானு பாருங்க, மொதல்ல தொலையறது சுவிட்சுதான், அது தொலைஞ்சா மொத்த பெட்டியும் செத்துச்சு.

மூணுவாண்டுஅம்மா
அண்ணா பேட்டரினு சொன்னதும் ஞாபகம் வருது, பட்டன் பேட்டரி போட்ட சாமான் பத்தி சொல்லுங்க, எங்க வீட்ல கைக்குழந்தையும் இருக்கு.

சால்டரிங்அண்ணன்
ஆமா இத எல்லாரும் படிங்க. காசு மாதிரி வட்டமா வர்ற லித்தியம் பேட்டரிய குழந்தை முழுங்கி அது தொண்டைக்குழாய்ல சிக்கிச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள சதை வெந்துடும். பேட்டரி மூடிய ஸ்க்ரூ போட்டு மூடுற சாமானா மட்டும் வாங்குங்க, விரல்ல தள்ளினா தொறக்குற மூடி கூடவே கூடாது. அதே மாதிரி காந்தம். கட்டை கட்டையா பிளாஸ்டிக்குக்குள்ள காந்தம் வச்சு ஒட்டுற டைல்ஸ் நல்ல சாமான்தான், உடைஞ்சிருந்தா தூக்கிப் போட்டுடணும், அவ்வளவுதான். ஆனா குட்டிக் குட்டி மணி மாதிரி பவர்ஃபுல் காந்த உருண்டை விக்கிறாங்களே அத பசங்க இருக்கிற வீட்டுக்குள்ளயே விடாதீங்க. ஒண்ண முழுங்கினா கூட தப்பிக்கலாம், ரெண்டு முழுங்கினா குடலோட ரெண்டு மடிப்புல இருந்து ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு நடுவுல இருக்கிற குடல ஓட்டை போட்டுடும். இதுல எது நடந்தாலும், ஏன் சந்தேகம் இருந்தா கூட, வீட்டு வைத்தியம் பாக்காம நேரா எமர்ஜென்சிக்கு ஓடணும்.

பெரிய பசங்களுக்கு வாங்குற சாமான் கைக்குழந்தைக்கு ஆபத்தானு பாக்க ஒரு சுலப வழி, டிஷ்யூ ரோல் தீந்ததும் உள்ள ஒரு அட்டைக்குழாய் இருக்கும்ல, அதுக்குள்ள பூந்து போற சைஸ்ல இருக்கிறது எதுவும் மூணு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளை கைக்கு எட்டக்கூடாது. பெட்டி மேல 0-3னு போட்டு குழந்தை முகத்த கோடு போட்டு அடிச்சிருக்கிற படம் இருந்தா அதுக்கு அர்த்தம் இதுதான், அந்த வயசுப் பிள்ளைக்கு வேண்டாம்னு. அத புத்திசாலித்தனத்தோட அளவுன்னு நெனச்சு "எங்க பிள்ளை ரொம்ப ஷார்ப்பு"னு வாங்கிக் குடுக்குறவங்கள பாத்திருக்கேன்.

சித்தப்பாமோட்
யப்பா, ஒரு கிஃப்ட் வாங்குறதுக்குள்ள இவ்வளவு இருக்கா. ரொம்ப நன்றி எல்லாருக்கும். போர்டு கேம் எப்படி? சின்னவ தோத்துட்டா போர்ட தூக்கி எறியுற ரகம், முன்கூட்டியே சொல்லிடுறேன்.

கடைசிபெஞ்ச்
பரமபதம் வாங்கிக் குடுங்க, முடிஞ்சுது.

ப்ரைமரிடீச்சர்
பரமபதத்துல பிள்ளை முடிவெடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, தாயம் என்ன சொல்லுதோ அதுதான். ஏழெட்டு வயசுக்கு மேல அதனாலதான் போரடிக்குது. ஆனா 1ஆம் கிளாஸ் பிள்ளைக்கு நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா 100 வரைக்கும் எண் போட்ட பலகையில காய் நகத்துறது எண்களோட வரிசையும் அளவும் மனசுல பதிய உதவுதுன்னு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, அமெரிக்காவுல சீக்லர்னு ஒரு மனோதத்துவ பேராசிரியரும் கூட இருந்தவங்களும். அதுல ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. காய் 23ல இருக்கு, தாயத்துல 3 விழுந்துச்சுன்னா பிள்ளைங்க "ஒண்ணு, ரெண்டு, மூணு"னு எண்ணி நகத்துவாங்க. அப்படி எண்ணினா பெருசா பிரயோஜனம் இல்ல. "இருபத்திநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு"னு கட்டத்துல இருக்கிற எண்ண வாய்விட்டு சொல்லி நகத்தின பிள்ளைங்கதான் நல்லா முன்னேறினாங்க. விளையாட்டு அதேதான், பக்கத்துல உக்காந்து விளையாடுற பெரியவங்க எப்படி எண்ணுறாங்கன்றதுதான் வித்தியாசம்.

புத்தகப்புழு
தோத்தா எறியுற பிள்ளைக்கு எல்லாரும் சேந்து ஒரே கட்சியா விளையாடுற கேம்னு தனியா வருது, ஜெயிச்சா எல்லாரும் ஜெயிப்பாங்க தோத்தா எல்லாரும் தோப்பாங்க, அத ட்ரை பண்ணுங்க. இல்லன்னா ஆட்டம் அஞ்சு நிமிஷத்துல முடியுற மாதிரி பாருங்க, தோத்த சோகம் வர்றதுக்குள்ள அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சிடும். டாபிள்னு ஒரு சீட்டு விளையாட்டு இருக்கு, வட்ட வட்டமா 55 சீட்டு, ஒவ்வொண்ணுலயும் 8 படம், எந்த ரெண்டு சீட்ட எடுத்து பக்கத்துல வச்சாலும் ரெண்டுலயும் பொதுவா ஒரே ஒரு படம் கண்டிப்பா இருக்கும், அத யாரு மொதல்ல கத்துறாங்களோ அவங்களுக்கு சீட்டு. ஆறு வயசுப் பிள்ளை அறுபது வயசு தாத்தாவ அசால்ட்டா ஜெயிக்கும், அதுக்காகவே வாங்கலாம். நாலாங்கிளாஸ் பையன்கிட்ட "எப்படிடா எந்த ரெண்ட எடுத்தாலும் ஒண்ணு மட்டும் ஒத்துப்போகுது, நீ ஒரு சீட்டுக்கு மூணு படம் வச்சு ஏழு சீட்டு இப்படி செஞ்சு காட்டு பாப்போம்"னு ஒரு பேப்பர குடுத்துட்டுப் போயிடுங்க. மொத்தம் ஏழு படம் இருந்தா ஏழு சீட்டு செய்ய முடியும், கண்டுபிடிக்க ஒரு மதியம் ஆகும். நீங்களும் போட்டுப் பாருங்க.

கடைசிபெஞ்ச்
ஆஃபீஸ்ல உக்காந்து போட்டுட்டு இருக்கேன், மேனேஜர் வராம இருக்கணும்.

புத்தகப்புழு
😀 சரி எனக்குத் தெரிஞ்ச ஏரியாவுக்கு வர்றேன், புக்கு. டிக்‌ஷனரி மாமா மாதிரி ஆகாம இருக்கணும்னா பிள்ளையோட லெவல பாக்கணும். கடைல ஏதாவது ஒரு பக்கத்த தொறந்து பிள்ளைய வாசிக்கச் சொல்லுங்க, தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரல மடக்கணும், அந்த ஒரு பக்கம் முடியறதுக்குள்ள அஞ்சு விரலும் மடங்கிடுச்சுன்னா அது இப்ப வேண்டாம். சர்ப்ரைஸ் கெடக்கூடாதுன்னா பிள்ளை இப்ப விரும்பிப் படிக்கிற புக்கு ஒண்ண அண்ணிகிட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அதே கனத்துல பாருங்க. காமிக்ஸ கேவலமா பாக்காதீங்க, ஜோக் புக்கு, விடுகதை, "உலகத்துலயே பெரிய" "உலகத்துலயே வேகமான"னு சாதனை லிஸ்ட் போட்ட புக்கு, இதெல்லாம்தான் வாசிக்கப் பிடிக்காத பசங்கள இழுக்கும்.

ஜிக்சா பசில் பத்தி யாரும் சொல்லல. அது பொறந்ததே பாடம் நடத்தத்தான் தெரியுமா, 1760கள்ல லண்டன்ல ஜான் ஸ்பில்ஸ்பரினு மேப்பு செதுக்குறவரு ஒருத்தர், உலக மேப்ப மரப்பலகையில ஒட்டி நாட்டு எல்லை எல்லையா அறுத்து பூகோளம் சொல்லித்தர வித்தாரு. இன்னிக்கும் மேப் ஜிக்சா நல்ல கிஃப்டுதான், ஆனா துண்டெல்லாம் நாட்டு எல்லைப்படி வெட்டியிருக்கானு பாருங்க, சும்மா சதுரமா வெட்டினதுல படம்தான் சேரும், எந்த நாடு எங்க இருக்குன்னு மனசுல நிக்காது.

ராத்திரிஷிஃப்ட்
கோடிங் ரோபோ வாங்கலாமா? ஆஃபீஸ்ல எல்லாரும் அதத்தான் வாங்குறாங்க.

சால்டரிங்அண்ணன்
நான் அவசரப்பட மாட்டேன். பாதி ரோபோ போன் ஆப் இல்லன்னா நகராது, கம்பெனி அந்த ஆப்ப அப்டேட் பண்றத நிறுத்தினா இல்ல நீங்க போன மாத்தினா அது வெறும் பொம்மை. வாங்கியே ஆகணும்னா மேலயே பட்டன் இருக்கிற, ஆப் இல்லாமயும் ஓடுற டைப்பா பாருங்க. கேமரா மைக் வச்சு நெட்ல கனெக்ட் ஆகுற பொம்மை எனக்கு சுத்தமா பிடிக்காது, குழந்தை பேசுறது எங்க போகுதுன்னே தெரியாது.

கோடிங் ஆசை இருந்தா ஸ்க்ராட்ச்னு பிளாக்க இழுத்து மாட்டி கேம் பண்ற சாஃப்ட்வேர் இருக்கு, எம்ஐடில 2007ல வெளியிட்டது, இப்பவும் ஃப்ரீதான், 8 வயசுல இருந்து பண்ணலாம். 5ல இருந்து 7 வயசுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர்னு தனியா இருக்கு, அதுல வார்த்தையே கிடையாது, எல்லாம் படம். உங்க கிஃப்டு நீங்க கூட உக்காந்து மொத கேம பண்ணிக் குடுக்குற அந்த ஞாயித்துக்கிழமைதான்.

மூணுவாண்டுஅம்மா
கரெக்ட். சித்தப்பா கூட உக்காந்தா அதுக்கு மேல எந்த பெட்டியும் வேண்டாம், வாங்கிக் குடுத்துட்டு டீவி பாக்கப் போயிடாதீங்க சார்.

இன்னொண்ணு சொல்லணும்னு இருந்தேன். கிஃப்ட குடுத்துட்டு "இதுல தெனம் விளையாடினா சித்தப்பா இன்னொண்ணு வாங்கித் தர்றேன்"னு ஆரம்பிக்காதீங்க. 1973ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, நர்சரி பசங்கள்ல ஸ்கெட்ச் பேனால வரைய ரொம்ப பிடிச்சவங்கள மட்டும் எடுத்து, ஒரு குரூப்புக்கு "வரைஞ்சா சர்டிஃபிகேட் தருவோம்"னு முன்கூட்டியே சொன்னாங்க, இன்னொரு குரூப்புக்கு சொல்லாம திடீர்னு குடுத்தாங்க, மூணாவது குரூப்புக்கு எதுவும் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு சும்மா விளையாடுற நேரத்துல பாத்தா சர்டிஃபிகேட்டுக்காக வரைஞ்ச பசங்க மத்தவங்கள விட ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவ தொட்டாங்க. பிடிச்சு செஞ்சது வேலையா மாறிடுச்சு.

கடைசிபெஞ்ச்
சம்பளம் வந்ததுக்கு அப்புறம் எனக்கும் கோடிங் மேல இருந்த ஆசை அப்படித்தான் போச்சு.

ராத்திரிஷிஃப்ட்
ரூபிக்ஸ் க்யூப் பத்தி ஒருத்தரும் சொல்லல?

நிலாபாக்குறவன்
பெரியவனுக்கு ஓகே, ஆனா சும்மா க்யூப மட்டும் குடுத்தா ஒரு பக்கம் செட் பண்ணிட்டு வீசிடுவான். அடுக்கு அடுக்கா செட் பண்ற முறைய நீங்க மொதல்ல கத்துக்கிட்டுப் போய் குடுங்க. 1974ல எர்னோ ரூபிக்னு ஹங்கேரி பேராசிரியர் ஒருத்தர் அத செஞ்சுட்டு கலைச்சுப் போட்டுட்டு, திரும்ப சேக்க அவருக்கே ஒரு மாசம் கிட்ட ஆச்சாம், இத சொன்னா பையனுக்கு தெம்பு வரும். எப்படிக் கலைச்சாலும் 20 திருப்புக்குள்ள சேத்துடலாம்னு 2010ல கம்ப்யூட்டர் வச்சு நிரூபிச்சிருக்காங்க. நல்லா வழுக்கிட்டு சுத்துற க்யூபா வாங்குங்க, இறுகிப்போய் சுத்துறது விரல உடைக்கும்.

ப்ரைமரிடீச்சர்
சித்தப்பா சாருக்கு கடைசியா ஒண்ணு. ஒரே வீட்ல ரெண்டு பிள்ளைங்கன்றதால, ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஒண்ணு, "இது அவளோடது, கேட்டுட்டுதான் தொடணும்"னு சொல்ற மாதிரி இருக்கட்டும். பொதுவா ஒண்ணு வாங்கி "ரெண்டு பேரும் ஷேர் பண்ணிக்கோங்க"ன்னா பெரியவன் எடுத்துக்குவான், சின்னவ அழுவா. அப்புறம் பொண்ணுக்குன்னு பிங்க் கலர்ல தனி செட் வைக்கிறாங்கல்ல, பாதி நேரம் அதுல பார்ட்ஸ் கம்மியா இருக்கும், பெட்டிய திருப்பி எண்ணிப் பாத்துட்டு வாங்குங்க. கலர் கலரா பிரிக்கிற விளையாட்டுன்னா சிவப்பும் பச்சையும் மட்டும் வச்சு பிரிக்கிறது வேண்டாம், நிறக்குருடு உள்ள பசங்க பல வகுப்புல ஒருத்தராவது இருப்பாங்க, ஆண்பிள்ளைங்கள்லதான் அதிகம், வீட்ல யாருக்கும் தெரிஞ்சே இருக்காது.

சித்தப்பாமோட்
அண்ணிகிட்ட பேசிட்டேன். பெரியவனுக்கு அமுக்கி மாட்டுற சர்க்யூட் கிட், பென்சில் பேட்டரியும் எக்ஸ்ட்ராவா. சின்னவளுக்கு ஒரு பெரிய டப்பால டேப், கத்திரிக்கோல், நூல்கண்டு, கூட ஒரு நல்ல பூதக்கண்ணாடி, ஒட்டி வைக்க ஒரு கோடு போடாத நோட்டு, தோட்டத்துல என்னத்த பாத்தாலும் அதுல வரைஞ்சு வைக்கட்டும். டாபிள் எனக்கு, நான் எடுத்துட்டுப் போய் நானே கூட விளையாடிட்டு வருவேன், ரெண்டு பேரும் சண்டை போட மாட்டாங்க. பூதக்கண்ணாடி எப்படி வாங்கணும்?

நிலாபாக்குறவன்
கண்ணாடி லென்ஸ் வேண்டாம், கீழ போட்டா உடையும், இந்த வயசுக்கு நல்ல பிளாஸ்டிக் போதும். பெருசா கைப்பிடி வச்சதெல்லாம் 2, 3 மடங்குதான் காட்டும், பூச்சி பாக்க 5 மடங்கு கிட்ட இருந்தா நல்லா இருக்கும், அதுல லென்ஸ் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும். எல்லாரும் கைய நீட்டி லென்ஸ பொருள் மேல பிடிப்பாங்க, அப்படிப் பாத்தா கொஞ்சூண்டு இடம்தான் தெரியும். லென்ஸ கண்ணுக்கு கிட்ட ஒட்டி வச்சுக்கிட்டு இலையையோ கல்லையோ மெதுவா மூஞ்சிக்கு கிட்ட கொண்டு வரச் சொல்லுங்க, பளிச்சுன்னு தெளிவாகுற இடத்துல நிறுத்தணும். சூரியன பாக்கக்கூடாதுன்றது இதுக்கும் சேத்துதான். விளையாடி முடிச்சதும் ஜன்னல் ஓரத்துல வெயில் படுற மாதிரி வச்சுட்டுப் போகக்கூடாது, துணியோ பேப்பரோ கீழ இருந்தா பத்திக்கும், பை ஒண்ணு தச்சு அதுக்குள்ள போட்டு வைக்கச் சொல்லுங்க.

மூணுவாண்டுஅம்மா
பழைய சாக்ஸ் போதும், தைக்கல்லாம் வேணாம்.